பாறையின் நாடி

கடப்பாரையால் கூரையில் ஒரு தட்டு. 'டங்' என்று மணிபோல ஒலித்தால் பாறை கெட்டி. 'தொப்' என்று கேட்டால் உள்ளே விரிசல். ஒதுங்கி நின்று நெம்பித் தள்ளிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். கோலார் தங்க வயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் முப்பது வருடம் இறங்கி ஏறியவர் அவர். துளை போடும் இயந்திரங்களின் உபயத்தில் இப்போது காது மந்தம். ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் விரல் முட்டியால் சுவரைத் தட்டிப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் தட்டினார். "பொண்ணப் பாருங்க, சுவர அப்புறம் பாக்கலாம்" என்று மனைவி முறைத்தது இன்றும் வீட்டில் சிரிப்புக் கதை.

அவருடைய தாத்தா வட ஆற்காட்டிலிருந்து பிழைக்க வந்தவர். ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல் இங்கு வேலையைத் தொடங்கியதிலிருந்து, பூமிக்குள் இறங்கியவர்களில் தமிழர்கள்தான் அதிகம். தங்கம் ஆழத்துக்குப் போகப் போக அவர்களும் போனார்கள். சாம்பியன் ரீஃப் கடைசியில் 3 கிலோமீட்டருக்கும் கீழே போய் நின்றது. அங்கே தலைக்கு மேலிருக்கும் பாறையின் பாரம் மட்டும் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 800 கிலோ. தாதுவை வெட்டி எடுத்ததும் அது தாங்கிய சுமை பக்கத்துப் பாறையின் தோளில் ஏறும். அந்தப் பாறை ஒருநாள் பொறுக்க முடியாமல் சிதறும். 1898-லேயே பதிவான இந்தப் பாறை வெடிப்பை அந்தக் காலத்தில் 'ஏர் பிளாஸ்ட்' என்றார்கள். மேலே வீட்டில் பாத்திரம் அதிர்ந்தால் கீழே யாருக்கு என்ன ஆனதோ என்று பெண்கள் வாசலுக்கு ஓடி வருவார்கள்.

பாறையை ஆராய்வது பெரிய காரியமல்ல. ஒரு துண்டை வெட்டி வந்து இயந்திரத்தில் வைத்து நசுக்கினால் அதன் வலு தெரிந்துவிடும். தொல்லை என்னவென்றால், மேலே வந்த துண்டு தன் பாரத்தைக் கீழேயே விட்டுவிட்டு வருகிறது. செத்தவன் கையில் நாடி பார்ப்பது போலத்தான். இன்று உலகத்தின் பெரிய ஆய்வுக்கூடங்களில் பேட்டரியைப் பிரித்துப் போடாமல், அது மின்னேற்றம் ஆகும்போதே எக்ஸ்ரே செலுத்தி உள்ளே நடப்பதைப் பார்க்கிறார்கள். ஓடும்போதே பார்த்தால்தான் உண்மை தெரியும் என்கிற பாடத்தைத் தங்க வயல் உயிரைக் கொடுத்துக் கற்றது.

1978-ல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள் இங்கு ஜியோபோன்களைப் பொருத்தினார்கள். கௌரிபிதனூரில் கருவிகளை வைத்துக்கொண்டு அயல்நாட்டு அணுகுண்டுச் சோதனைகளை ஒட்டுக் கேட்டவர்களுக்கு, காலடிப் பாறையைக் கேட்பது புதிய வித்தையல்ல. ஜியோபோன் என்பது ஒரு காந்தமும் கம்பிச் சுருளும்தான். பாறை நடுங்கினால் சுருளும் காந்தமும் விலகி ஆடும், சிறு மின்சாரம் பிறக்கும். பாறைக்குள் அதிர்வு விநாடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் ஓடுகிறது. எந்தக் கருவிக்கு முதலில், எதற்குப் பிறகு என்று கணக்குப் போட்டால் முறிவு நடந்த இடம் கிடைக்கும். நேரத்தில் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு தவறினால் தூரத்தில் 6 மீட்டர் தவறும்.

காதுக்கு எட்டாத நுண்ணிய முறிவுகளையும் கருவி எண்ணியது. வெடி வைத்ததும் எண்ணிக்கை ஏறும், பிறகு அடங்கும். அடங்காமல் நின்றால்தான் கவலை.

கம்பி இழுத்துக்கொண்டிருந்த இளைஞனிடம் அவர் ஒருமுறை கேட்டார்: "தம்பி, இது என்ன சொல்லுது?"

"அது எனக்கும் கேக்காதுண்ணே. மேல போனாத்தான் தெரியும்."

"நாங்க கீழ இருக்கோம், சேதி மேல போவுதா?"

இளைஞன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

பிறகு ஒரு ராத்திரி ஷிப்டில் மரமுட்டு முனகுவது அவர் காதில் விழுந்தது. மேஸ்திரியிடம் சொன்னார், எல்லோரும் வெளியே வந்தார்கள். இரண்டு மணி நேரத்தில் அந்த இடம் இல்லை. மறுவாரம் இளைஞன் வரைகோட்டுத் தாளைக் கொண்டுவந்து காட்டினான். அன்று சாயங்காலத்திலிருந்தே கோடுகள் நெருங்கியிருந்தன. "அப்ப சொல்லியிருக்கலாமே?" என்றார். அவன் வேறு நாள்களின் தாள்களையும் விரித்தான். அதேபோல் நெருங்கிய கோடுகள். ஆனால் ஒன்றும் விழவில்லை. ஒவ்வொரு முறையும் ஆட்களை மேலே ஏற்றினால் சுரங்கமே நடக்காது. ஏற்றாவிட்டால்? அவனிடம் பதில் இல்லை. எந்த இடம் கெட்டுவருகிறது என்று கருவி சொல்லும். எந்த மணிக்கு என்று இன்றும் எந்தக் கருவியும் உறுதியாகச் சொல்லாது. அந்த நேர்மைக்காகவே அவருக்கு அந்தப் பையனைப் பிடித்துப் போயிற்று.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. கேட்கும் வித்தை மட்டும் வெளியூர் போனது. 1988-ல் இங்கே தொடங்கப்பட்ட தேசிய பாறை இயக்கவியல் நிறுவனம், பூட்டானில் தாலா நீர்மின் நிலையத்தின் மலைக்குடைவில் இதே முறையில் காது வைத்தது.

இங்கே பம்புகள் நின்று, தண்ணீர் ஏறியது. பாறை அதற்கும் அசைந்து கொடுத்தது. மூடிய பிறகும் நில அதிர்வுகள் வந்தன. அப்படி ஒரு மாலை மனைவி பழைய பழக்கத்தில் வாசலுக்கு ஓடினாள். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சுவரில் உள்ளங்கையை வைத்தார்.

"சின்னதுதான்" என்றார். "உள்ள வா."