விமானம் நடந்து போன தெரு

வீடு மாற்றியவர்களுக்குத் தெரியும். பீரோவை மாடிப்படியில் இறக்குகிற அந்தப் பத்து நிமிஷத்தில்தான் மனுஷனின் நிஜ குணம் வெளியே வரும். 'லெஃப்ட்ல சாய்ப்பா... ஐயோ, சுவரு... யாருய்யா அது, கையை விட்டது?' இத்தனைக்கும் பீரோ வெறும் ஆறரை அடி. இறக்கையை விரித்தால் 80 மீட்டர் வருகிற ஒரு விமானத்தை இதே மாதிரி ஊர் ஊராகக் கொண்டுபோக வேண்டும் என்றால்?

கொண்டு போனார்கள், ஸார். பதினைந்து வருஷத்துக்கும் மேல்.

தென் பிரான்ஸில், துலூஸ் நகரத்துக்கு மேற்கே லெவின்யாக் என்று ஒரு சின்ன கிராமம். நடுவில் ஒரே ஒரு முக்கியத் தெரு. இரண்டு பக்கமும் வீடுகள், மரக்கதவு போட்ட ஜன்னல்கள். நம்ம ஊர் டவுன் பஸ் இரண்டு எதிரெதிரே வந்தால் கண்டக்டர் இறங்கி விசில் ஊத வேண்டிய அகலம். 2018-ல் ஆபீஸ் வேலையாக துலூஸில் இரண்டு மாதம் இருந்தேன். கூட வேலை பார்த்த பிரெஞ்சு நண்பர் ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது, "இன்னிக்கு ராத்திரி ஒரு விமானம் தெருவுல நடந்து போகும், பார்க்க வர்றீங்களா?" என்றார். அவர் டம்ளரில் இருந்த ஒயின் மீதுதான் எனக்கு முதலில் சந்தேகம் வந்தது.

விஷயம் இதுதான். ஏ380 என்கிற இரண்டு மாடி ஏர்பஸ் விமானத்தை ஒரே இடத்தில் செய்யவில்லை. ஏர்பஸ் என்பது ஒரு கூட்டுக் குடும்பம். பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன், ஸ்பெயின் என்று நாலு பங்காளிகள். ஆளுக்கு ஒரு பங்கு வேலை கிடைத்தாக வேண்டும். அதனால் இறக்கை பிரிட்டனில், வேல்ஸ் பக்கத்து ப்ராட்டனில். உடம்பின் முன்பாதியும் பின்பாதியும் ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலிருந்து. மூக்கும் நடுப்பகுதியும் பிரான்ஸின் சென் நசேர் துறைமுகத்திலிருந்து. வால்பக்கத்துக் குட்டி இறக்கை ஸ்பெயினில், காடிஸ் பக்கம். எல்லாவற்றையும் சேர்த்துப் பூட்டுவது துலூஸில்.

மற்ற ஏர்பஸ் விமானங்களின் பாகங்களைச் சுமக்க, திமிங்கலம் மாதிரி நெற்றி புடைத்த பெலூகா விமானம் இருக்கிறது. 2022 ஜூலையில் அதில் ஒன்று நம்ம மீனம்பாக்கத்தில் எரிபொருள் போட இறங்கியபோது சென்னையே செல்போனைத் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தது. ஆனால் ஏ380-ன் உடம்பு அந்தத் திமிங்கலத்தின் வயிற்றிலும் அடங்கவில்லை. ஆகாயத்தில் 500 பேரைத் தூக்கிப் பறக்கப் போகிற விமானம், முதலில் கப்பல் ஏறி, படகு ஏறி, லாரி ஏறித்தான் வந்தாக வேண்டும்.

கப்பல் போயாக் துறைமுகம் வரை. ஒயினுக்குப் பேர் போன ஊர். அங்கே பாகங்களைத் தட்டைப் படகுகளுக்கு மாற்றி, கரோன் ஆற்றில் மேலே போவார்கள். வழியில் போர்தோ நகரத்தின் பழைய கல் பாலம். 1822-ல் திறந்தது, 17 வளைவுகள். கடல் ஏற்றத்தில் தண்ணீர் ரொம்ப ஏறிவிட்டால் சரக்கின் தலை பாலத்தில் இடிக்கும். ரொம்ப வடிந்தால் படகின் அடி தரை தட்டும். இரண்டுக்கும் நடுவே கிடைக்கிற நேரத்தில் சட்டென்று நுழைந்து வெளியேற வேண்டும். நாம் சிக்னலில் மஞ்சள் விளக்கைப் பிடிக்கிற அதே டெக்னிக். என்ன, இங்கே தப்பினால் நஷ்டம் கோடிகளில்.

லாங்கோன் என்ற ஊரில் கரையேறினால், அப்புறம் துலூஸ் வரை சுமார் 240 கிலோமீட்டர் ரோடு. இதற்காகவே ரோடுகளை அகலப்படுத்தினார்கள், மரக்கிளைகளைக் கழித்தார்கள், பல ஊர்களைச் சுற்றிப் புது வழி போட்டார்கள். ராத்திரியில் மட்டும் பயணம். பகலில் ஓரமாக நின்று ஓய்வு. லெவின்யாக்கில் மட்டும் ஊருக்குள் நுழைந்தே ஆக வேண்டும்.

அந்த ராத்திரி நாங்கள் போனபோது தெருவோரம் ஒரு கார்கூட இல்லை. ஜன்னல் கதவுகளை மூடி வைத்திருந்தார்கள். முதலில் மோட்டார் சைக்கிளில் போலீஸ். அப்புறம் மஞ்சள் விளக்குகள். அப்புறம்... வீடுகளுக்கு மேலே தலையைத் தூக்கிக்கொண்டு ஒரு சுவர் மாதிரி ஏதோ மெதுவாக வளைந்து வந்தது. விமான உடம்பு! ஆறு ட்ரெய்லர்கள்: உடம்பு மூன்று துண்டு, இறக்கை இரண்டு, வால் ஒன்று. நடக்கிற வேகம்தான். கூடவே ஆட்கள் நடந்து, சக்கரத்தைப் பார்ப்பதும் கூரையைப் பார்ப்பதுமாக வந்தார்கள். ஜன்னலிலிருந்து கை நீட்டினால் தொட்டுவிடலாம் போல இடைவெளி. ஒருத்தர்கூட கத்தவில்லை. பீரோ இறக்கிய அனுபவசாலியான எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம்.

திரும்பி வரும்போது நண்பர் சொன்னது இன்னும் பெரிய ஆச்சரியம். இந்த விமானம் தாமதமானது கடலாலோ, ஆற்றாலோ, தெருவாலோ இல்லை. வயரால்! ஒரு ஏ380-க்குள் சுமார் 530 கிலோமீட்டர் வயர் ஓடுகிறது. ஹாம்பர்க்கில் டிசைன் சாஃப்ட்வேரின் பழைய வெர்ஷன். துலூஸில் புதிய வெர்ஷன். ஒன்று வரைந்த கணக்கு இன்னொன்றில் சரியாக உட்காரவில்லை. ஹாம்பர்க்கிலிருந்து வந்த உடம்புக்குள் வயரைப் பூட்டப் போனால்... நீளம் பத்தவில்லை. 2006-ல் விஷயம் வெடித்து, பெரிய நாற்காலிகள் காலியாயின. முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைக்குப் போனது 2007 அக்டோபரில்தான்.

யோசித்துப் பாருங்கள். ராத்திரி தெருவில் சென்டிமீட்டர் கணக்கில் நடந்தவர்கள் சரியாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். ஏஸி ரூமில் உட்கார்ந்திருந்த இரண்டு கம்ப்யூட்டர்கள்தான் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை. ஹெட் ஆபீஸ் ஒரு ஃபார்மெட், பிராஞ்ச் ஆபீஸ் இன்னொரு ஃபார்மெட் என்று எக்ஸெல் ஷீட்டோடு மல்லுக்கட்டுகிற நம்ம ஆட்களுக்கு இது புரியும். சரக்கு நகர்கிற இடத்தில் எல்லோரும் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறோம். தகவல் நகர்கிற இடத்தில்தான் கோட்டை விடுகிறோம்.

கடைசியில் ஏ380 பிழைக்கவில்லை. நாலு இன்ஜின், எரிபொருள் தீனி அதிகம். இரண்டு இன்ஜின் விமானங்கள் குறைந்த செலவில் பறந்தன. 2019 பிப்ரவரியில் தயாரிப்பை நிறுத்தப் போவதாக அறிவித்தார்கள். 2020 பிப்ரவரியில் கடைசி ஊர்வலம் லெவின்யாக்கைக் கடந்த ராத்திரி, ஊரே தெருவில் நின்று வழியனுப்பியது. தூக்கம் கெட்டதற்கு யாரும் நஷ்ட ஈடு கேட்கவில்லை. இனிமேல் தூங்கலாமே என்று சந்தோஷப்பட்டதாகவும் தெரியவில்லை. கடைசி விமானம் 2021 டிசம்பரில் எமிரேட்ஸுக்குப் போனது. மொத்தம் 251.

அவற்றில் பல இன்னும் பறக்கின்றன. எப்போதாவது ஒன்றில் ஏறி ஜன்னல் ஓர சீட் கிடைத்தால், மேகத்தைக் கொஞ்சம் விட்டுவிட்டு அந்த இறக்கையைப் பாருங்கள். ஒரு நள்ளிரவில் அது ஒரு கிராமத்து வீட்டு ஜன்னலை ஒட்டி, ஆள் நடக்கிற வேகத்தில், பெயின்ட்கூட உரசாமல் போயிருக்கிறது.