உறைக்குள் இருப்பது இனாமா, கூலியா?

அலை மேல் வீடு – 9

கப்பலில் எங்களுக்குக் கடைசி இரவு. விடிந்தால் பார்சிலோனா. பெட்டிகளில் வண்ணச் சீட்டைக் கட்டி, இரவு 11 மணிக்குள் கதவுக்கு வெளியே வைத்துவிடச் சொல்லியிருந்தார்கள். நடைவழி நெடுக இருபுறமும் பெட்டிகள். கல்யாண மண்டபத்தைக் காலி செய்கிற இரவு மாதிரி இருந்தது. அம்மா மறுநாள் உடுத்த வேண்டிய புடவையை மட்டும் எடுத்துத் தனியாக வைத்தாள். நான் அறைத் தொலைக்காட்சியில் எங்கள் கணக்கைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காபி, ஒரு நாள் இணையம், நேப்பிள்ஸிலிருந்து பொம்பெய் போய்வந்த பேருந்து. இவற்றுக்கு நடுவே தினமும் ஒரே தொகை விடாமல் ஏறியிருந்தது. பக்கத்தில் ‘கிராஜுவிட்டி’ என்று போட்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 டாலர் 50 சென்ட். இரண்டு பேருக்கு ஏழு இரவுக்கு 259 டாலர்.

சத்தமாகப் படித்தேன். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். “கிராஜுவிட்டியா? அது உங்கப்பா ரிட்டயர் ஆனப்போ மில்லுல கொடுத்ததாச்சே. இங்க யாருக்கு யாரு கொடுக்கறா?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

கணக்கில் ஒரு காபி இரண்டு முறை ஏறியிருந்தது. அதைச் சரிசெய்ய ஐந்தாம் தளத்து வரவேற்பு மேசைக்குப் போனேன். கடைசி இரவில் அங்கே எப்போதும் நீண்ட வரிசைதான். எனக்கு முன்னால் நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: “டிப்ஸை எடுத்துவிடுங்கள்.” மேசைக்குப் பின்னால் இருந்த பெண் காரணம் கேட்கவில்லை, முகமும் சுளிக்கவில்லை. நாலைந்து தட்டு தட்டினார். நான்கு பேருக்கு ஏழு நாள் கணக்கு 518 டாலர், அரை நிமிடத்தில் இல்லாமல் போனது.

அந்தக் குடும்பம் விதியை மீறவில்லை. பெரும்பாலான அமெரிக்க நிறுவனக் கப்பல்களில் இந்தத் தொகை தானாகவே கணக்கில் ஏறும். வேண்டாம் என்றால் குறைக்கலாம், நீக்கவும் செய்யலாம். ஆனால் நீக்கினால் யாருடைய பையிலிருந்து போகிறது என்பதை அந்த மேசையில் யாரும் சொல்வதில்லை.

எனக்கு அதைச் சொன்னவர் எங்கள் அறையைப் பார்த்துக்கொண்ட ஸ்டூவர்டு. தெற்கு கோவாவின் சால்செட்டைச் சேர்ந்தவர். கப்பலுக்குப் போகிறவர்களை அங்கே கொங்கணியில் ‘தார்வொட்டி’ என்பார்களாம். அவருடைய அப்பாவும் தார்வொட்டிதான். அரைகுறை இந்தியிலும் ஆங்கிலத்திலுமாக ஏழு நாளும் பேசினோம். எட்டு மாத ஒப்பந்தம். எட்டு மாதத்திலும் வாரவிடுமுறை என்று ஒரு நாள்கூடக் கிடையாது. இருபதுக்கு மேற்பட்ட அறைகள் அவர் பொறுப்பு. மாலையில் அம்மாவின் கட்டில்மேல் துண்டை மடித்து யானை செய்து வைப்பார். மூன்றாம் நாள் அந்த யானைக்கு அம்மா குங்குமம் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு வேறு எந்த விலங்கும் வரவில்லை, தினமும் யானைதான்.

“டிப்ஸை எடுத்துவிட்டால் உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“யார் எடுத்தார்கள் என்று தெரியாது, மேடம். கணக்குப் பார்க்கிற நாளில் தொகை குறைந்திருக்கும். அப்போதுதான் தெரியும்.”

அந்தப் பணம் அவருக்கு மட்டும் போவதில்லை. சாப்பாட்டு அறையில் பரிமாறுபவர்கள், அவர்களுடைய உதவியாளர்கள், நம் கண்ணில் படாமல் வேலை செய்கிறவர்கள் என்று பலருக்கும் பிரிகிறது. அவர்களில் பலருக்கு வருமானத்தில் பெரும்பங்கே இதுதான். பிலிப்பைன்ஸ் ஊழியர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதத்தை வீட்டுக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்பது அந்த நாட்டு விதி. கைச்செலவுக்கும் சேமிப்புக்கும் டிப்ஸைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

முன்பெல்லாம் இப்படி இல்லை. பயணம் முழுக்க ஒரே மேசை, ஒரே நேரம், பரிமாற ஒரே ஆள். கடைசி இரவு அறையில் நான்கைந்து உறைகள் வைத்திருப்பார்கள். ஸ்டூவர்டுக்கு ஒன்று, பரிமாறியவருக்கு ஒன்று, உதவியாளருக்கு ஒன்று. பணத்தைப் போட்டு நம் கையால் கொடுக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டில் நார்வீஜியன் குரூஸ் லைன், எந்த நேரத்திலும் எந்த உணவகத்திலும் சாப்பிடலாம் என்ற முறையைக் கொண்டுவந்தது. மற்றவர்களும் மெல்ல அந்த வழிக்கு வந்தார்கள். தினம் ஒரு மேசை, தினம் ஓர் ஆள் என்றானபின் உறையை யாரிடம் கொடுப்பது? உறை போய், கணக்கில் ஒரு வரி வந்தது. கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் முகம் பார்ப்பது நின்றுபோயிற்று.

முகம் பார்த்துக் கொடுக்கிற பழக்கத்தை நான் முழுமையாகக் கண்டது நைல் நதியில். இரண்டு வருடத்துக்கு முன், அஸ்வானிலிருந்து லக்சருக்கு மூன்று இரவுப் பயணம். ‘பக்ஷீஷ்’ என்ற சொல் கரையிலும் கப்பலிலும் காதில் விழுந்துகொண்டே இருந்தது. பாரசீகச் சொல்; கொடுப்பது என்ற வேரிலிருந்து பிறந்தது. நம் ‘இனாம்’ அரபுச் சொல். இரண்டும் ஊர்விட்டு ஊர் பிரயாணம் செய்த சொற்கள்தான்.

கோம் ஓம்போ கோயிலில் ஒரு காவலர் தூணுக்குப் பின்னால் கூப்பிட்டு ஒரு சிற்பத்தைக் காட்டினார். பத்து பவுண்டு கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, கால்சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி யூரோ நாணயங்களை எடுத்து என் முன் நீட்டினார். பயணிகள் கொடுத்துப்போன சில்லறை. அவர் ஊர் வங்கியில் வெளிநாட்டு நாணயத்தை மாற்ற முடியாது, நோட்டைத்தான் மாற்றலாம். பத்து யூரோவுக்கான நாணயங்களை எண்ணி என் கையில் வைத்துவிட்டு நோட்டுக்காகக் காத்து நின்றார். யாரோ நல்ல மனதோடு கொடுத்த பணம், அடுத்த பயணி வரும்வரை அவருக்கு வெறும் உலோகம். அன்றிலிருந்து எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த நாட்டுச் சிறுநோட்டுகளை முதல் நாளே மாற்றி வைத்துக்கொள்கிறேன்.

நைல் கப்பலில் கடைசி நாள் வரவேற்பு மேசையருகே பூட்டுப் போட்ட மரப்பெட்டி ஒன்றை வைத்தார்கள். சமையல்காரர், துணி துவைப்பவர், இயந்திர அறையில் இருப்பவர் எல்லோருக்கும் சேர்த்து அந்தப் பெட்டி. ஆளுக்கு இவ்வளவு போட்டால் நல்லது என்று வழிகாட்டி ஒரு தொகையைச் சொன்னார். வழிகாட்டிக்குத் தனி, படகோட்டிக்குத் தனி. போடாவிட்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் பெட்டியைத் தாண்டித்தான் இறங்க வேண்டும்.

இதற்கு நேர் எதிர்த் துருவம் நார்வே. பெர்கனிலிருந்து வடக்கே கிர்க்கெனெஸ் வரை 34 துறைமுகங்களைத் தொட்டுச் செல்லும் ஹுர்டிக்ரூட்டன் கப்பல் வழி 1893-இல் தபால் கொண்டுபோகத் தொடங்கியது. அதில் போனபோது, ஆறு நாளும் எங்களுக்குப் பரிமாறிய பெண்ணிடம் கடைசி நாள் காலை நூறு குரோனர் நோட்டை நீட்டினேன். அவர் உடனே வாங்கவில்லை. “ஏதாவது விசேஷமா?” என்று கேட்டார். நன்றிக்காக என்றேன். “நன்றியை நீங்கள் முதல் நாளே சொல்லிவிட்டீர்கள்” என்று சிரித்தார். பிறகு, வேலை செய்கிற மற்றவர்களும் இருக்கிறார்கள், எல்லோருக்கும் பொதுவில் போட்டுவிடுகிறேன் என்று வாங்கிக்கொண்டார். நார்வேயில் எல்லாத் தொழிலுக்கும் பொதுவான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் என்று ஒன்று இல்லை. ஆனால் தொழிற்சங்கங்கள் பேசி முடித்த சம்பளம் இருக்கிறது. அந்தப் பெண்ணின் வீட்டு வாடகை என் நோட்டை நம்பி இல்லை. அதனால்தான் அவரால் சிரிக்க முடிந்தது, என்னாலும் கூச்சமில்லாமல் கொடுக்க முடிந்தது.

மற்ற நாடுகள் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்கின்றன. ஜெர்மன் பயணிகளுக்கான ஐடா கப்பல்களில் டிப்ஸ் டிக்கெட் விலைக்குள்ளேயே அடங்கிவிடும். ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2015-இல் ஒரு கப்பல் விளம்பர வழக்கில், தானாக ஏறும் சேவைக் கட்டணத்தை விளம்பரப்படுத்தும் மொத்த விலையிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. பிரிட்டனின் பி அண்ட் ஓ குரூசஸ், தினசரி டிப்ஸ் கட்டணத்தை 2019 மே மாதத்திலிருந்து நிறுத்திவிட்டது. ஜப்பானியக் கப்பல்களில் டிப்ஸ் எதிர்பார்ப்பதே இல்லை.

அப்படியானால் அமெரிக்க நிறுவனங்களின் கப்பல்களில் ஏன் இப்படி? அமெரிக்க உணவகங்களில் டிப்ஸ் சம்பளத்தின் பகுதியாகவே ஊறிப்போன வழக்கம். அது கப்பலிலும் ஏறிக்கொண்டது. அலுவலகம் மயாமியில் இருக்கும்; கப்பலில் பறப்பது பெரும்பாலும் பகாமாஸ் அல்லது பனாமா கொடி. கப்பலுக்குள் வேலைச் சட்டம் அந்தக் கொடியைப் பொறுத்தது. 2013-இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்கிறது. அந்தக் காப்பு இருக்கிறது. ஆனால் துண்டு யானை செய்கிறவருக்கு மாதம் எவ்வளவு என்பது பயணியின் மனதையும் பொறுத்தே தீர்மானமாகிறது.

இங்கேதான் அம்மாவின் கேள்வி எனக்குத் திரும்ப வந்தது. கிராஜுவிட்டி என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் பொருள், மனமுவந்து தருவது. நம் நாட்டிலும் ஒரு காலத்தில் முதலாளி மனம் வைத்தால்தான் அது கிடைக்கும். 1972-இல் பணிக்கொடைச் சட்டம் வந்தது. ஐந்து வருடம் வேலை பார்த்தவருக்கு அது உரிமை என்றாயிற்று. அப்பா மில்லிலிருந்து வாங்கிய அந்தப் பணத்தில்தான் எங்கள் வீட்டு மாடி எழும்பியது. அதற்காக அவர் யாரிடமும் தலை சொறிந்து நிற்கவில்லை. தமிழில் கூலி வேறு, இனாம் வேறு. கூலியைக் கேட்டு வாங்கலாம், இனாமைக் கேட்க முடியாது. கப்பலில் கூலிக்கு இனாம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதனால்தான் அதை வாங்குகிறவரால் கேட்க முடியவில்லை, கொடுக்கிறவரால் சுலபமாக வெட்ட முடிகிறது. அதை டிக்கெட் விலையிலேயே சேர்த்துச் சம்பளமாகக் கொடுப்பதுதான் முறை. அதுவரை அந்த வரியை யாரும் நீக்கக் கூடாது என்பதே என் வேண்டுகோள்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். முன்பதிவு செய்யும்போதே, டிப்ஸ் விலைக்குள் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஆளுக்கு, நாளுக்கு என்று பெருக்கிப் பயணச் செலவோடு சேர்த்து வையுங்கள். பல நிறுவனங்கள் முன்பே கட்டவும் விடுகின்றன. சூட் அறைக்குத் தொகை கூடும். பானங்களின் பில்லில் பெரும்பாலும் 18 முதல் 20 சதவீதம் ஏற்கெனவே ஏறியிருக்கும். கீழே இருக்கும் காலிக் கட்டத்தை நிரப்பியே ஆக வேண்டியதில்லை. அறையில் குறை இருந்தால் கடைசி இரவுவரை காத்திருந்து டிப்ஸை நீக்காதீர்கள். இரண்டாம் நாளே சொல்லுங்கள், சரிசெய்வார்கள். கையில் தனியாகக் கொடுக்க விரும்பினால், கணக்கில் உள்ளதை அப்படியே விட்டுவிட்டு அதற்கு மேல் கொடுங்கள்.

அம்மாவுக்கு இதெல்லாம் சொல்லி முடித்தபோது மணி பத்தரை. “கணக்குல போனது போகட்டும். அந்தப் பையன் கையில நான் கொடுக்கணும்” என்றாள். பொங்கலுக்குத் தபால்காரருக்கும் துப்புரவுப் பெண்ணுக்கும் அவள் கொடுக்கிற மாதிரியே. இரண்டு இருபது டாலர் நோட்டை உறையில் போட்டோம். கைப்பையின் அடியில் துழாவி ஓர் ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து அதனோடு சேர்த்தாள். மொய்க்கு ஒரு ரூபாய் கூட வைக்காமல் அவளால் கொடுக்க முடியாது.

காலையில் அவர் கதவருகே வந்தார். அம்மா இரண்டு கையாலும் உறையை நீட்டினாள். “தம்பி, நல்லாயிருப்பா.” நாணயம் உறைக்குள் நகர்ந்து விரலில் தட்டியதும் அவர் சிரித்துவிட்டார். “எங்கள் ஊரிலும் நூற்றொன்றுதான், ஆண்ட்டி” என்றார்.

பிறகு என்னிடம் திரும்பி, சற்றுத் தயங்கி, “மேடம், வீட்டுக்குப் போனதும் கம்பெனியிலிருந்து ஒரு படிவம் மின்னஞ்சலில் வரும். அதில் என் பெயரை எழுதுவீர்களா? அடுத்த ஒப்பந்தத்துக்கு அதைப் பார்ப்பார்கள்” என்றார். என்னிடம் வாய்விட்டுக் கேட்டது போல் எட்டு மாதத்தில் எத்தனை பேரிடம் கேட்டிருப்பாரோ. உறையைக் கேட்கவில்லை. பெயரை மட்டும் கேட்டார்.

படிவம் வந்த அன்றே நிரப்பினேன். அவர் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து எழுதினேன். யானையைப் பற்றியும் எழுதச் சொன்னாள் அம்மா. எழுதினேன்.

(பயணம் தொடரும்)