ஒரே ஃபோல்டருக்குப் பல வழிகள்

ஆன்டிவைரஸ் ஸ்கேன் ஓடும்போது எந்த ஃபைலைப் பார்க்கிறது என்று திரையின் அடியில் ஒரு வரி சொல்லிக்கொண்டே இருக்கும். பெரும்பாலும் யாரும் அதைப் படிப்பதில்லை. சில கணினிகளில் அந்த வரி நீண்டுகொண்டே போகும். புரோகிராம்டேட்டா, அதற்குள் அப்ளிகேஷன் டேட்டா, அதற்குள் மறுபடி அப்ளிகேஷன் டேட்டா, அதற்குள்ளும் அதே பெயர். சீக்கிரம் முடிய வேண்டிய ஸ்கேன் ராத்திரி முழுக்க ஓடும். "வைரஸ் ஃபோல்டரைப் பெருக்குது சார், ஃபார்மேட் பண்ணிடலாம்" என்று சொல்பவர்களும் உண்டு. அந்தப் பேச்சை நம்பிப் பல வருடக் கணக்கையும் குடும்பப் படங்களையும் இழக்கக் கூடாது. அங்கே எதுவும் பெருகவில்லை. இருப்பது ஒரே ஃபோல்டர்தான். அதற்குள் இருக்கும் ஒரு வழி, போனவரைத் திரும்ப அதே ஃபோல்டருக்குக் கொண்டுவந்து விடுகிறது.

இந்த வழிகளைப் போட்டு வைத்தது மைக்ரோசாஃப்ட். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் பயனாளரின் ஃபைல்கள் 'டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்ற ஃபோல்டரில் இருந்தன. 2007 ஜனவரியில் கடைகளுக்கு வந்த விஸ்டா அதை 'யூசர்ஸ்' என்று மாற்றியது. ஆனால் பழைய முகவரியை நம்பி எழுதப்பட்ட மென்பொருள்கள் அதற்குள் ஊருக்கு ஊர் ஓடிக்கொண்டிருந்தன. அவை திணறக் கூடாது என்பதற்காகப் பழைய பெயர்களிலேயே 'ஜங்ஷன்' எனப்படும் இணைப்புகள் விடப்பட்டன. டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸைத் தட்டும் மென்பொருள் தனக்கே தெரியாமல் யூசர்ஸுக்குள் போய்விடும். புரோகிராம்டேட்டாவுக்குள் இருக்கும் 'அப்ளிகேஷன் டேட்டா' அந்தப் புரோகிராம்டேட்டாவையே காட்டும். யூசர்ஸுக்குள் இருக்கும் 'ஆல் யூசர்ஸ்' காட்டுவதும் அதே இடத்தைத்தான்.

டெஸ்க்டாப்பில் வைக்கிற ஷார்ட்கட் போன்றதல்ல இது. ஷார்ட்கட் ஒரு சின்ன ஃபைல். ஸ்கேன் அதைப் படித்துவிட்டு நகர்ந்துவிடும். ஜங்ஷன் வேலை செய்வது ஃபைல் சிஸ்டத்தின் அடித்தளத்தில். விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ், விண்டோஸ் 2000 முதல் இதற்கு இடம் தருகிறது. கேட்கிற மென்பொருள் தானாக விசாரித்தால் ஒழிய, தான் திருப்பிவிடப்பட்டது அதற்குத் தெரியாது.

இந்தச் சுழல் வரும் என்று மைக்ரோசாஃப்டுக்கும் தெரிந்தே இருந்தது. அதனால்தான் அந்த ஜங்ஷன்கள் மறைத்து வைக்கப்பட்டன. அவற்றின் வழியாக உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடுக்க எல்லோருக்கும் தடை போடப்பட்டது. முழு முகவரியோடு வரும் பழைய மென்பொருள் கடந்து போகலாம். மேய்ந்து பார்க்க வருபவர் வாசலிலேயே நிறுத்தப்படுவார். அழகான ஏற்பாடு. ஆனால் 'ஆக்சஸ் டினைடு' என்ற செய்தியைக் கண்டதும் பலர் செய்கிற முதல் வேலை, முழு டிரைவையும் தன் உரிமைக்கு மாற்றி எல்லா அனுமதியையும் திறந்துவிடுவது. அத்தோடு இந்தத் தடையும் போய்விடுகிறது. தவிர, பேக்கப் உரிமையோடு இயங்கும் மென்பொருள்களை இத்தகைய தடைகள் கட்டுப்படுத்துவதில்லை. அவை தாமாகத்தான் ஒதுங்கிப் போக வேண்டும்.

ஒதுங்காவிட்டால் என்ன ஆகும்? விண்டோஸின் வழக்கமான முகவரி வரம்பு 260 எழுத்துகள். 'சி' டிரைவின் புரோகிராம்டேட்டா வரைக்குமான ஆங்கில முகவரி 14 எழுத்து. ஒவ்வொரு அப்ளிகேஷன் டேட்டாவும் முன்னால் வரும் சாய்கோட்டோடு சேர்த்து 17 எழுத்து. ஆக, 14 சுற்று உள்ளே போன பிறகுதான் முகவரி நீளம் தடுக்கும். உள்ளே இருக்கும் ஒரு ஃபைல் பத்துக்கும் மேற்பட்ட தடவை படிக்கப்படலாம். ஆல் யூசர்ஸ் வழியாக அது மறுபடி தொடங்கும். டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ் வழியாக இன்னொரு தடவை. நீண்ட முகவரிகளை ஏற்கும்படி எழுதிய மென்பொருளாக இருந்தால், ஒரே பாதையில் 63 இணைப்புகளுக்கு மேல் கூடாது என்ற விண்டோஸின் இன்னொரு வரம்புதான் காப்பாற்றும். முடிவில் 'இத்தனை லட்சம் ஃபைல்கள் பரிசோதிக்கப்பட்டன' என்று பெருமையாக வரும் எண்ணிக்கையைப் பாதுகாப்பின் அளவாக எடுத்துக்கொள்வது சரியல்ல. ஒரே வீட்டுக்கு நான்கு வாசல் இருக்கிறது என்று நான்கு குடும்பமாக எழுதிக்கொண்டு போகிற கணக்கெடுப்பு அது.

நேரம் வீணாவதோடு போனால் பரவாயில்லை. பழுதான கணினியிலிருந்து ஹார்டு டிஸ்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டி ஸ்கேன் செய்வது சர்வீஸ் கடைகளில் அன்றாட வேலை. ஜங்ஷன் தன் இலக்கை டிரைவ் எழுத்தோடு சேர்த்தே எழுதி வைத்திருக்கிறது. மாட்டிய டிஸ்க் 'எஃப்' டிரைவாக வந்தாலும், அதிலுள்ள டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ் காட்டுவது சி டிரைவின் யூசர்ஸை. அதாவது, கடைக்காரரின் சொந்தக் கணினியை! அறிக்கையில் எஃப் என்று தொடங்கும் முகவரியில் ஒரு வைரஸ் பிடிபட்டதாக வரும். அழிக்கச் சொன்னால் போவது கடைக்காரரின் ஃபைல். வாடிக்கையாளரின் டிஸ்கில் அப்படி ஒரு ஃபைலே இருந்திருக்காது.

தீர்வு புதிதல்ல. யூனிக்ஸ் வழி வந்த அமைப்புகளில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஐநோட் எண் உண்டு. டிவைஸ் எண்ணும் ஐநோட் எண்ணும் ஒன்றாக இருந்தால் முகவரி எதுவானாலும் ஃபைல் ஒன்றே. 'ஃபைண்ட்' கட்டளை சாதாரணமாக இணைப்புகளைப் பின்தொடராது. பின்தொடரச் சொன்னால், சுழலைக் கண்ட இடத்தில் எச்சரிக்கை தந்து அந்தக் கிளையை விட்டுவிடும். கிளாம்ஏவி ஸ்கேனரும் கட்டளையில் நேரடியாகப் பெயர் சொன்ன இணைப்புக்குள் மட்டுமே போகும். என்டிஎஃப்எஸ்ஸிலும் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஓர் அடையாள எண் இருக்கிறது. காஸ்பர்ஸ்கியின் ஐஸ்விஃப்ட் நுட்பம் அத்தகைய அடையாளத்தை வைத்துத்தான், முன்பே பார்த்து மாறாதிருக்கும் ஃபைலைத் தாண்டிப் போகிறது. ஒரே ஃபைலுக்குப் பல பெயர்கள் தரும் ஹார்டு லிங்குகளுக்கு இந்த அடையாள எண் இன்னும் அவசியம். விண்டோஸின் 'வின்எஸ்எக்ஸ்எஸ்' ஃபோல்டரில் உள்ள ஃபைல்களில் பல, சிஸ்டம்32 போன்ற இடங்களிலும் பெயர் பெற்றிருக்கின்றன. எது அசல், எது இணைப்பு என்ற வேறுபாடே அங்கில்லை. இரண்டும் சம உரிமையுள்ள பெயர்கள்.

இணைப்பை விசாரிக்காமல் நம்புவதன் முழு ஆபத்து 2020 ஏப்ரலில் வெளியே வந்தது. ராக்911 லேப்ஸ் என்ற நிறுவனம் 28 ஆன்டிவைரஸ் தயாரிப்புகளில் ஒரே வகை ஓட்டையைக் காட்டியது. வைரஸைக் கண்டதற்கும் அழிப்பதற்கும் இடையிலான கண நேரத்தில் அந்த ஃபோல்டரை எடுத்துவிட்டு அதே பெயரில் ஒரு ஜங்ஷனை வைத்தால், உச்ச அதிகாரத்தோடு இயங்கும் ஆன்டிவைரஸ் தன் கையாலேயே முக்கியமான ஃபைலை அழித்துவிடும். பெரும்பாலான நிறுவனங்கள் அதற்குள் திருத்தம் வெளியிட்டிருந்தன. ஆனாலும் காவலுக்கு வைத்த மென்பொருளை இப்படித் திருப்பிவிட முடிந்தது என்பதை லேசாக விட்டுவிட முடியாது.

வீட்டில் இருப்பவர் செய்யக்கூடியதும் கொஞ்சம் இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்டில் 'டிர் /ஏஎல் /எஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் இணைப்புகளின் பட்டியல் வரும். ஒவ்வொன்றும் காட்டும் இடம் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் இருக்கும். ஸ்கேன் சுழன்றால் விலக்க வேண்டியது இணைப்பின் முகவரியை மட்டுமே. அவசரத்தில் உண்மையான ஃபோல்டரை விலக்குப் பட்டியலில் போட்டுவிட்டால், வைரஸ் வந்து உட்கார வசதியாக ஓர் இடத்தை ஒதுக்கிக் கொடுத்ததாகிவிடும். மென்பொருள் செய்பவர்களிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு: 'இந்த முகவரி ஓர் இணைப்பு, இதன் உண்மையான இடம் இது' என்ற ஒரு வரியை ஒவ்வொரு அறிக்கையிலும், அழிக்கும் பொத்தானுக்கு மேலேயே, போட்டுத் தரட்டும்.