பகடை உருட்டாமல் இறந்தவன்

விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தைப் பார்த்தபடி ஒரு மாடி அறை. 2004இல் தொடங்கி மூன்று ஆண்டுகள், சனிக்கிழமை மாலைகளில் ஐந்து பேர் அங்கே கூடினோம். சீட்டாடுகிறார்கள் என்று கீழ்வீட்டில் நினைத்தார்கள். இல்லை, பூதங்களோடு சண்டை போடுகிறோம் என்று ஒருநாள் விளக்கினேன். சீட்டே தேவலை என்று அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஆட்டத்தின் பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கி 1974இல் வெளிவந்தது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, ‘கதவைத் திறக்கிறேன்’, ‘ஓடிவிடுகிறேன்’ என்பார்கள். நடந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். டெக்னோபார்க்கில் வேலை பார்த்த நண்பர் புத்தகங்களை வெளிநாட்டிலிருந்து சுமந்து வந்தார். தமிழ் எம்.ஏ. என்ற ஒரே தகுதியில் கதைசொல்லி வேலை என் தலையில் விழுந்தது. ஆங்கிலப் பத்தியைப் பார்த்து அந்த நிமிடமே தமிழிலும் இடையிடையே மலையாளத்திலும் சொல்ல வேண்டும். பிற்பாடு மொழிபெயர்ப்பே பிழைப்பானதற்கு அந்த அறைதான் பள்ளிக்கூடம்.

கதை நடக்கும் உலகமும் புத்தகத்தில் வந்தது. ஃபர்காட்டன் ரெல்ம்ஸ். கனடாக்காரரான எட் கிரீன்வுட் சிறுவயதிலேயே கற்பனை செய்த உலகம்; 1987இல் ஆட்டத்துக்காக அச்சேறியது. அதற்குத் தனி ஆண்டுக் கணக்கு உண்டு. எங்களிடமிருந்த 2001ஆம் ஆண்டுப் பதிப்பில் அங்கே நடப்பது 1372.

எங்களில் கடைக்குட்டிக்கு அப்போது 19 வயது. விழிஞ்ஞத்து மீனவர் மகன். அம்மா குமரிக் கடற்கரைக்காரர் என்பதால் தமிழ் தடையில்லை. அந்த உலகின் தெற்கே ஹல்ருவா என்று மந்திரவாதிகளின் நாடு ஒன்று. அங்கே கப்பல்கள் வானத்தில் பறக்கும். "அலையே இல்லாத கப்பலா அண்ணா?" என்று மூன்று தடவை கேட்டான். அத்தோடு அவனுக்கு வேறு எதுவும் வேண்டாமலாயிற்று. ஹல்ருவா மந்திரவாதியானான். தங்கக் காசு சேர்த்து, ஓட்டை விழுந்த பறக்கும் கப்பல் ஒன்றை வாங்க எட்டு சனிக்கிழமைகள் செலவழித்தான். அப்பாவின் வள்ளத்துக்கு இருந்த பெயரையே அதற்கும் வைத்தான். மற்றவர்கள் பூதத்தோடு மல்லுக்கட்டும்போது இவன் பாய்க்குத் துணி என்ன விலை என்று விசாரித்துக்கொண்டிருப்பான்.

2007இல் ஷார்ஜாவில் வேலை கிடைத்தது. கடைசி ஆட்டத்தில் கப்பலைக் கட்டிப்போட்டுவிட்டு, "நான் வாறது வரைக்கும் அங்கேயே கிடக்கட்டும்" என்றான். நோட்டில் எழுதி வைத்தேன்.

2008 ஆகஸ்டில் புதிய புத்தகம் வந்தது. நான்காம் பதிப்பில் ஆட்டத்தின் விதிகள் அடியோடு மாறியிருந்தன. மந்திரம் வேலை செய்யும் முறையும் மாறியது. விதியை மாற்றினோம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் கதைக்குள்ளேயே அதற்குக் காரணம் காட்டினார்கள். 1385இல் மந்திரத்தின் தேவி கொல்லப்படுகிறாள்; உலகெங்கும் நீலத் தீ. பிறகு காலம் ஒரே தாவாகத் தாவி 1479. ஹல்ருவா? வெடித்து அழிந்துவிட்டது.

இது அவர்களுக்குப் புதிதல்ல. 1989இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது, விதிப் புத்தகத்திலிருந்து கொலையாளி என்ற பாத்திர வகையை நீக்கினார்கள். உடனே கதையில் தெய்வங்கள் பூமிக்குத் தள்ளப்பட்டன. கொலையாளிகள் கூண்டோடு செத்து விழுந்தார்கள். வேம்பயர் ஆட்டத்தை வெளியிட்ட ஒயிட் வுல்ஃப் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போய், 2004இல் தன் கதை உலகையே முடித்துவைத்தது. பதிப்பாளர் பக்க நியாயம் புரியாமலில்லை. நாவல்கள் விற்க வேண்டும். நாவலில் ஏதாவது நடந்தாக வேண்டும். நடந்தது வரைபடத்தில் ஏற வேண்டும். இருபதாண்டுக் கதைச் சுமை உள்ள உலகுக்குள் புதியவர் நுழையவும் தயங்குவார்.

குமரி வில்லுப்பாட்டில் இந்தத் தொல்லை இல்லை. இசக்கியம்மன் கதை ஊருக்கு ஊர் வேறுபடும். தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, போன கொடையில் நீங்கள் பாடியது செல்லாது என்று சொல்வதில்லை.

நான் வில்லுப்பாட்டுப் புலவரைப் போல நடந்துகொள்ளவில்லை. டெக்னோபார்க் நண்பரின் வாதம் வலுவானது: இனி வரும் புத்தகமெல்லாம் 1479இல்தான், பழைய ஆண்டிலேயே நின்றால் ஊர், ஆள், வரைபடம் எல்லாவற்றையும் நாமே எழுத வேண்டும். எனக்கோ பத்திரிகையில் இரவுப் பணி. நேரமில்லை என்பதை மட்டும் காரணமாகச் சொன்னால் அது பொய். அச்சில் வந்ததை மீறக்கூடாது என்ற மொழிபெயர்ப்பாளன் புத்தியும் சேர்ந்துகொண்டது. மூலம் மாறினால் மொழிபெயர்ப்பும் மாறத்தானே வேண்டும்? அந்த அறையில் மூலம் எது என்று நான் யோசிக்கவில்லை. நால்வரும் சம்மதித்தோம். ஷார்ஜாவில் இருந்தவனை யாரும் கேட்கவில்லை.

2010 கிறிஸ்துமஸுக்கு வந்தான். பேரீச்சம்பழப் பெட்டியை வைத்துவிட்டு, "என் கப்பல்?" என்றான். சொன்னேன்.

"பகடை உருட்டினீங்களா அண்ணா?"

"இல்ல மக்களே, புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

"உருட்டிச் செத்திருந்தா சரி. உருட்டாம எப்படிச் சாவான்?"

புதுப் பாத்திரம் செய்து தருகிறேன் என்றேன். தலையாட்டினான். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. ஆறு மாதத்தில் மேசையும் கலைந்தது. அவன் வராதது மட்டும் காரணமல்ல. புது ஆண்டில் எங்களுக்குக் கடன் கொடுத்தவர், பகையாளி, சத்திரக்காரி என்று தெரிந்த முகம் ஒன்றுகூட உயிரோடு இல்லை. சண்டை போட அரக்கர்கள் மட்டும் மிச்சமிருந்தார்கள். அவர்களை யார் தேடிப் போவது?

2015 நவம்பரில் ஐந்தாம் பதிப்புக்கான புத்தகம் ஒன்று வந்தது. அதில் ஹல்ருவா திரும்பியிருந்தது! நீலத் தீ வரும் என்று மந்திரவாதிகள் முன்கூட்டியே கணித்து, நாட்டையே வேறோர் உலகுக்கு நகர்த்திவிட்டார்களாம். பறக்கும் கப்பல்களும் பத்திரம். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினேன். சிரிக்கும் முகம் ஒன்று பதிலாக வந்தது, அவ்வளவுதான். அடுத்த மாதம் விழிஞ்ஞத்தில் பெரிய துறைமுகத்தின் கட்டுமானம் தொடங்கியது. பிறகு எப்போது பேசினாலும் கடலரிப்பும் வள்ளம் ஏற்ற இடமும்தான் பேச்சு. 2022இல் மீனவர்கள் மாதக்கணக்கில் போராடியபோது ஒருமுறை சொன்னான்: "ஹல்ருவாவும் நம்ம ஊரும் ஒண்ணுதான் அண்ணா. புத்தகம் அச்சாகி வந்த பெறகுதான் நமக்குத் தெரியும்."

2025 மே 2 அன்று அந்தத் துறைமுகத்தைப் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். சில மாதங்கள் கழித்து விடுமுறையில் வந்தவன், "பழைய நோட்டு இருக்கா?" என்று கேட்டான். இருந்தது. அதே மாடி அறையில் உட்கார்ந்தோம். ஜன்னலில் இப்போது பெரிய துறைமுகத்தின் கிரேன்களும் தெரிகின்றன. டெக்னோபார்க் நண்பர் கனடாவிலிருந்து கைபேசியில் சேர்ந்துகொண்டார். அங்கே காலை எட்டு மணி. நோட்டில் கடைசி வரி: ஆண்டு 1375, கப்பல் கட்டிப்போட்டிருக்கிறது.

"நீலத் தீ வர இன்னும் பத்து வருசம் இருக்கே" என்றான்.

"வரணும்னு கட்டாயமில்ல மக்களே."

"வந்தா வரட்டும். அன்னைக்கு நான் அங்க இருக்கணும்."

பதினெட்டு ஆண்டு கிடந்த கப்பல். அது எழும்ப 14 வேண்டும் என்றேன். உள்ளங்கையில் பகடையை ஊதி உருட்டினான். ஏழு.

"பாய் கிழிஞ்சிருக்கும்" என்றான். துணி என்ன விலை என்று கேட்டான்.