இறுக்கினால் ஒழுகும்

மார்ச் 2, ஞாயிறு

அட்டிபெலே தாண்டி, பெங்களூருப் பக்கம் ஒரு நீச்சல் குளம். ஸ்கூபா பயிற்சியின் இரண்டாம் நாள். இரண்டரை மீட்டர் ஆழத்தில் மாஸ்க்குக்குள் தண்ணீர் ஏறி மூக்கைத் தொட்டது. வாரை இரண்டு பல் இறுக்கினேன். இன்னும் வேகமாக ஒழுகியது. பயிற்சியாளர் கன்னடத்தில் சிரித்துக்கொண்டே திட்டினார்.

வெட்கம்தான். ஓசூர் சிப்காட்டில் பதினெட்டு வருஷமாக ரப்பர் கேஸ்கட்டுக்குத் தரம் பார்க்கிறவன் நான். போல்ட்டை அளவு மீறி முடுக்கினால் கேஸ்கட் பிதுங்கி அங்கேயே எண்ணெய் கசியும் என்று புதுப் பையன்களுக்கு நானே பாடம் எடுக்கிறேன். மாஸ்க்கின் சிலிக்கான் ஓரமும் அதே ஜாதி. அதை முகத்தோடு அழுத்துவது வெளியே இருக்கும் தண்ணீர். வாரின் வேலை, நகராமல் பிடித்துக்கொள்வது மட்டும்.

வாரைப் போடாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சி, கையை எடுக்கச் சொன்னார். மற்றவர்களுக்கு அப்படியே ஒட்டி நின்றது. எனக்கு மடியில் விழுந்தது. குற்றவாளி மீசை.

மார்ச் 5, புதன்

மூக்குக்குக் கீழே ஒரு விரல்கடை வழித்தாயிற்று. “என்னங்க இது, யாரோ மாதிரி இருக்கீங்க” என்றாள் மனைவி. அவளுடைய பற்பசையை எடுத்துப் புது மாஸ்க்கின் கண்ணாடியை உள்பக்கம் நாலு முறை தேய்த்தேன். தயாரிப்பில் படியும் சிலிக்கான் படலம் போகாவிட்டால் எவ்வளவு எச்சில் தடவினாலும் பனி மூடும்.

மார்ச் 7, வெள்ளி

“கடலுக்கு எதுக்கு சார், நம்ம கெலவரப்பள்ளி டேம்ல குதிக்கலாமே?” என்றான் கேன்டீனில் ஒருவன். தென்பெண்ணையில் பெங்களூருக் கழிவு வந்து நுரை மலைபோல் எழும் அணை அது. அங்கே இறங்க முழுமுகக் கவசமும் தண்ணீர் புகாத உலர் உடையும் வேண்டும். கண்ணையும் மூக்கையும் மட்டும் மூடும் என் மாஸ்க் அங்கே செல்லாது.

மார்ச் 9, ஞாயிறு

புதுச்சேரி. குளத்தில் டீ-ஷர்ட்டும் 2 கிலோ ஈயமும் போதுமாக இருந்தது. இங்கே ஜெல்லிமீன் இருப்பதால் உடல் முழுக்க 3 மில்லிமீட்டர் உடை. அந்த உடை மிதக்கும், உப்புத் தண்ணீரும் தூக்கும், ஆக ஈயம் 6 கிலோ. குளத்துக் கணக்கோடு வந்திருந்தால் கார்க் மாதிரி மேலேயே ஆடிக்கொண்டிருந்திருப்பேன்.

படகில் மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றினேன். “அண்ணே, கழுத்துல போடுங்க. நெத்தியில வெச்சா ஒரு அலை போதும், அடியில போய் தேடணும்” என்றான் படகுக்காரப் பையன். குதிக்கும்போது ஒரு கை மாஸ்க்கிலும் வாய்க்கருவியிலும்.

12 மீட்டரில் கலங்கல். இறங்க இறங்க மாஸ்க் முகத்தை உறிஞ்சியது. மூக்கால் கொஞ்சம் மூச்சு விட்டதும் தளர்ந்தது. ஒரு ஓரத்தில் தண்ணீர் கசிய, மேல்விளிம்பை அழுத்தி, நிமிர்ந்து, மூக்கால் ஊதினேன். தண்ணீர் கீழ்வழியே போயிற்று. வாரைத் தொடவில்லை.

இரண்டாவது முக்குளிப்பு முடிந்தபோது மணி 11. கணக்கு அங்கேதான் உதைத்தது. ஒரே நாளில் இரண்டு முறை இறங்கினால், 600 மீட்டருக்கு மேலே ஏற 18 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்பது விமானப் பயணத்துக்குச் சொல்லும் விதி. உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெதுவாக வெளியேற வேண்டும். ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர். நாம் விமானம் ஏறாமலே வானத்தில் குடியிருக்கிறோம்!

கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர்தான். அங்கே மாமியார் வீடு. திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை வழியாக ராத்திரி போய்ச் சேர்ந்தேன்.

“இன்னும் அம்பது கிலோமீட்டர்ல வீடு. இங்க எதுக்கு மாப்ளே தங்கறீங்க?” என்றார். நைட்ரஜன் என்றேன். என் முகத்தில் மாஸ்க் பதித்த சிவப்புக் கோட்டையும் அரைமீசையையும் மாறி மாறிப் பார்த்தார்.

மார்ச் 10, திங்கள்

விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினேன். சூளகிரி ஏறும்போது மனைவியிடமிருந்து போன். அம்மா நேற்று ராத்திரியே பேசிவிட்டாராம். நமக்குள் என்ன சண்டை என்று கேட்டாராம்.