190 ரூபாய்த் துளை

பத்து கிராம் தங்கம் 1 லட்சம் ரூபாயைத் தொட்டுவிட்டது என்று 2025 ஏப்ரலில் எல்லாச் சேனல்களும் அலறின. அட்சய திருதியை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. நகைக்கடை முதலாளி, பொருளாதார நிபுணர், கல்யாணத்துக்குப் பெண்ணை வைத்திருக்கும் அம்மா என்று எல்லோரிடமும் மைக்கை நீட்டினார்கள். நகையைச் செய்கிற ஆளிடம் நீட்டியதாகத் தெரியவில்லை. டெல்லி நண்பரிடம் தொலைபேசியில் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் கரோல் பாக்கிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். “பீடன்புராவுக்கு வாங்க சார், காட்டறேன்” என்றார்.

கரோல் பாக் நமக்கு அந்நியமான பேட்டை அல்ல. மத்திய சர்க்கார் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த இடம். ஆனால் அஜ்மல் கான் ரோட்டைத் தாண்டி பீடன்புரா, ரேகர்புரா சந்துகளுக்குள் நுழைந்தால் காதில் விழுவது வங்காளி. ஹூக்ளி, மேதினிபூர் பக்கத்திலிருந்து, முக்கியமாக தாஸ்பூர், கட்டால் வட்டாரக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். அந்த ஊர்க்காரர்கள் இல்லாவிட்டால் டெல்லி நகைத் தொழில் படுத்துவிடும். கோவைப் பட்டறைகளிலும் இன்று அவர்கள்தான் நிறையப் பேர்.

நண்பரோடு ஏணி போலச் செங்குத்தான படிக்கட்டில் ஏறி ஒரு பட்டறைக்குப் போனோம். தாழ்ந்த கூரை, தரையோடு தரையாகப் பலகைகள், ஒவ்வொரு பலகைக்கு முன்னாலும் சம்மணமிட்ட ஓர் ஆள். ராத்திரி அங்கேயே படுக்கை. உருக்குவது, தகடாக்குவது, கம்பி இழுப்பது எல்லாம் காட்டினார்கள். அவையெல்லாம் எந்த ஊர்ப் பட்டறையிலும் உண்டு என்பதால் அதிகம் நிற்கவில்லை. மெருகு மெஷின் இரைச்சலில் சொன்னதில் பாதி காதில் விழவும் இல்லை. ஜன்னலோரம் கல் பதிக்க வளையலில் துளை போட்டுக்கொண்டிருந்தவரிடம் போய் உட்கார்ந்தேன். ஐம்பது வயதிருக்கும். பதிமூன்று வயதில் மாமாவோடு ரயிலேறி வந்தவராம்.

தலைக்கு மேல் கொக்கியில் ஒரு சின்ன மோட்டார். அதிலிருந்து வளைந்து இறங்கும் குழாயின் நுனியில் கைப்பிடி. கைப்பிடிக்குள் 1 மில்லிமீட்டர் டிரில் பிட். ஹைஸ்பீடு ஸ்டீல். டங்ஸ்டன், மாலிப்டினம், குரோமியம், வனேடியம் சேர்ந்த எஃகு. அமெரிக்காவின் பெத்லஹேம் ஸ்டீல் ஆலையில் டெய்லரும் வொயிட்டும் இதன் முன்னோடியைப் பக்குவப்படுத்தி, 1900 பாரிஸ் கண்காட்சியில் வைத்தபோது வந்தவர்கள் மலைத்துப்போனார்கள். வெட்டும் முனை சூட்டில் சிவந்த பிறகும் இரும்பை வெட்டியதுதான் காரணம். தங்கத்தில் அந்த வீரத்துக்கு வேலையே இல்லை. ஏறக்குறைய நகத்தின் பதத்தில் இருக்கும் உலோகத்துக்கு எதற்கு இத்தனை கடினமான எஃகு என்று கேட்டேன்.

“இரும்புன்னா வெட்டின தூள் தானா வெளியே வந்துடும். இது ஒட்டிக்கும்” என்றார். பலாச்சுளை எடுக்கும்போது கத்தியில் பால் ஏறுமே, அதே கதை. சுத்தமான வெள்ளியும் 22 காரட் தங்கமும் பிட்டின் சுருள் பள்ளத்தில் அப்பிக்கொள்கின்றன. பள்ளம் அடைத்துக்கொண்டால் பிட் வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடு. சூடேறினால் இன்னும் ஒட்டும். அப்புறம் ‘டக்’. பலாவுக்கு எண்ணெய் என்றால் இதற்குத் தேன்மெழுகு. முதலில் ஊசிமுனையால் ஒரு பொட்டு வைத்தார், பிட் வழுக்கி ஓடாமலிருக்க. சுழலும் பிட்டை மெழுகுக் கட்டியில் தொட்டார். கால் பெடலை இலேசாக அழுத்தி, கொஞ்சம் இறக்கி, வெளியே எடுத்து, மறுபடி இறக்கினார். அடித்தட்டை நெருங்கியதும் கை இன்னும் தளர்ந்தது. மறுபக்கம் உடைத்துக்கொண்டு வெளிவரும் அந்த நொடியில்தான் மென்மையான உலோகம் பிட்டைக் கவ்வி இழுக்குமாம். மரக்கட்டையை அடியில் முட்டுக்கொடுப்பது அதற்காகத்தான்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் பிட் முறியத்தான் செய்யும். முறிந்த துண்டு தங்கத்துக்குள் மாட்டிக்கொண்டால்? தோண்டினால் துளை கெட்டுவிடும். அவர் பலகைக்கு அடியிலிருந்து ஒரு கண்ணாடிக் கிளாஸை எடுத்துக் காட்டினார். உள்ளே படிகாரத் தண்ணீர், அதில் ஒரு மோதிரம். சவரக் கடையில் முகத்தில் தேய்க்கிற அதே படிகாரம்தான். அடுப்பில் சுட வைத்தால் எஃகைக் கரைக்கும், தங்கத்தைத் தொடாது. துளையின் வாயிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழ்கள் கிளம்பிக்கொண்டிருந்தன. சாதா எஃகு சீக்கிரம் கரையும், ஹைஸ்பீடு ஸ்டீல் பிடிவாதம் பிடிக்கும், ராத்திரி முழுக்கக்கூட ஆகும். அப்படியானால் இன்னும் உறுதியான கார்பைடு பிட் வாங்கலாமே என்றேன். என் கேள்வி அவருக்குச் சிரிப்பை வரவழைத்தது. கார்பைடு வளையவே வளையாது, கை கொஞ்சம் சாய்ந்தாலும் கண்ணாடி மாதிரி ஒடியும். ஒடிந்து உள்ளே தங்கினால் படிகாரம் அதை ஒன்றும் செய்யாது. முழு நகையும் உலைக்குத்தான் போகவேண்டும்.

அவர் மறுபடி வேலையில் குனிய, நான் கணக்குப் போட்டேன். ஒன்றரை மில்லிமீட்டர் கனத் தகட்டில் 1 மில்லிமீட்டர் துளை என்றால் வெளியே வருவது சுமார் 20 மில்லிகிராம் தங்கம். அன்றைய விலையில் ஏறக்குறைய 190 ரூபாய். இப்படி நூறு கல் பதிக்கும் வளையலில் இரண்டு கிராம் துளைகளின் வழியே தட்டில் உதிர்கிறது. பிட் கூராக இருந்தால் சுருள் சுருளாக விழும், பொறுக்கி உருக்கிவிடலாம். மழுங்கினால் தூளாகி உடுப்பிலும் நகக்கண்ணிலும் காற்றிலும் போய்ச் சேரும். அதனால்தான் கை கழுவிய தண்ணீரைக்கூட வாளியில் பிடித்து வைக்கிறார்கள். அதையும் தப்பித் தெருவுக்குப் போவதைக் கூட்டி அரித்துப் பிழைக்கவே நியாரியாக்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது.

இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. நகைக்கடை பில்லில் ‘சேதாரம்’ என்று ஒரு வரி இருக்கிறதே, அது தங்கத்தின் எடையில் இத்தனை சதவீதம். தங்கம் ஏறினால் அதுவும் ஏறும். யாருடைய கையில் தங்கம் சேதாரமாகிறதோ அவருக்குக் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. விலை 1 லட்சமானாலும் அந்தக் கூலி தானாக ஏறுவதில்லை. ஒப்பந்தத்தில் சொன்ன அளவுக்கு மேல் எடை குறைந்தால் மட்டும் அன்றைய சந்தை விலைக்குப் பிடித்துக்கொள்கிறார்கள். நடுவில் ஒப்பந்தக்காரர், மொத்த வியாபாரி, ஷோரூம் என்று அடுக்கடுக்காக ஆட்கள். யாரும் தங்கத்தைத் தேய்ப்பதில்லை, எல்லோருக்கும் சேதாரத்தில் பங்கு. ஹால்மார்க் நகைகளில் இப்போது ஆறெழுத்து எச்.யு.ஐ.டி. பொறிக்கிறார்கள். அதைச் செயலியில் தட்டினால் ஹால்மார்க்குக் கொடுத்த வியாபாரியும் சோதித்த மையமும் தெரியும். செய்தவர் யாரென்று தெரியாது. 1963-ல் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது என்று தங்கக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோதும் அடி விழுந்தது பட்டறையில்தான். நம் ஊரில் எத்தனை ஆசாரிமார் அன்று உலையை அணைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள்! பிரசங்கமாகிவிட்டது, தெரிகிறது. அந்தக் கல்லுக் கூலியைக் கேட்டால் நீங்களும் பிரசங்கம் செய்வீர்கள்.

சாயங்காலம் கணக்கு. வளையலையும் தட்டில் சேர்ந்த சுருளையும் மேஸ்திரியிடம் கொடுத்தார். சுருளில் மெழுகு ஒட்டியிருந்தால் எடை கூடுமாம். அதனால் மேஸ்திரி முதலில் அதைச் சுட்டு மெழுகை எரித்தார். பிறகு காந்தத்தை மேலே ஓட்டினார். முறிந்த பிட்டின் பொடிகள் வந்து ஒட்டிக்கொண்டன. அப்புறம்தான் தராசு. காலையில் கொடுத்த எடையில் 140 மில்லிகிராம் குறைந்தது. அனுமதித்த அளவுக்குள்தான், ஆனால் விளிம்பில். நோட்டில் எழுதினார்கள்.

“முனை மழுங்கிடுச்சு, அதான் தூள் ஜாஸ்தி. நாளைக்குப் புது பிட் வாங்கிடணும்” என்றார், என் நண்பரிடம். பிட், மெழுகு, படிகாரம் எல்லாம் அவர் சொந்தக் காசு.