குறை சொல்லும் நண்பன்

குறை சொல்பவனை யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனால் எங்கள் புராஜெக்ட் குழுவின் நட்பைக் காப்பாற்றியதே ஒரு குறை சொல்லிதான். அதன் பெயர் பைலின்ட்!

நாங்கள் நான்கு பேர். இன்டர்னல் மார்க் கணக்கிடும் பைத்தான் புரோகிராம் எங்கள் புராஜெக்ட். 'டோட்டல் மார்க்' என்ற பெயரை ஒருவர் சேர்த்து எழுதுவார். ஒருவர் நடுவில் அடிக்கோடு போடுவார். இன்னொருவருக்கு வெறும் 'டி' போதும். ஒருவர் எழுதியது மற்றவருக்குப் புரியாது. மாற்றச் சொன்னால், "நீ என்ன பெரிய ஆளா?" என்று கோபம் வேறு! நானோ தமிழ் மீடியம். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன். இங்கிலீஷ் மீடியம் நண்பர்களிடம் 'இது சரியில்லை' என்று சொல்ல நாக்கு எழாது.

இதற்கு மருந்து 1978-லேயே வந்துவிட்டது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் ஜான்சன் என்பவர் சி மொழிக்காக 'லின்ட்' என்ற கருவியை எழுதினார். லின்ட் என்றால் துணியில் ஒட்டும் பஞ்சுத் துணுக்கு. புரோகிராமை ஓட்டாமலேயே படித்துப் பார்த்துக் குறைகளைப் பொறுக்கிக் காட்டும். அந்த வழியில் வந்ததுதான் பைலின்ட். பெயர் வைத்த முறை தப்பு, இந்த வேரியபிளை உபயோகிக்கவே இல்லை என்று, கை பட்டால் குத்தம், கால் பட்டால் குத்தம்! கடைசியில் 10-க்கு மார்க்கும் போடும்.

ஆனால் விதியை முதலில் நாம்தான் பேசி முடிக்க வேண்டும். பைலின்ட் ஒரு வரிக்கு 100 எழுத்து வரை விடும். வரிகளை ஒழுங்குபடுத்தும் பிளாக் என்ற கருவியோ 88-ல் மடிக்கப் பார்க்கும். நாங்கள் 88 என்று பேசி, ஒரே கோப்பில் எழுதி வைத்தோம்.

என் அப்பா கொத்தனார். நாலு பேர் சேர்ந்து சுவர் எழுப்பினாலும் கட்டுகிற நூல் ஒன்றுதான். மேஸ்திரி வைத்த செங்கல்லானாலும் நூலை விட்டு விலகினால் விலகினதுதான். பைலின்ட்டும் அப்படியே. எழுதியவன் எந்த மீடியம், யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்காது. அது சொன்னால் யாருக்கும் கோபமும் வருவதில்லை. "பைலின்ட் சொல்லுதுப்பா" என்று ஆரம்பித்த நான், இப்போது என் சந்தேகத்தையும் வாய்விட்டே கேட்கிறேன்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். 40 எடுத்தால் பாஸ் என்ற இடத்தில் '40-க்கு மேல்' என்று எழுதிவிட்டாலும் பைலின்ட் 10-க்கு 10 போடும்; சரியாக 40 எடுத்த மாணவனோ ஃபெயில்! நூல் சுவரின் நேரைத்தான் காட்டும்; சுவர் எழும்ப வேண்டிய இடத்தைப் பார்ப்பது நம் வேலை.

அடுத்த ஆண்டு புராஜெக்ட் செய்யப்போகும் தம்பி தங்கைகளே! முதல் வரி எழுதும் முன் நூலைக் கட்டுங்கள். வெற்றி நமதே!